சட்டம் அறிந்த ஆசிரியர் சபைக்குப் பகையா?

‘நம் பள்ளி ஒரு குடும்பம், குடும்பத்துக்குள் சட்டம் எதற்கு?’ நம் கத்தோலிக்கப் பள்ளிகளின் ஆசிரியர் கூட்டங்களில் இவ்வினா பல்லாண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்களே. ஆனால், அவர்கள் எப்போதும் மேசையின் ஒரே பக்கத்தில்தான் அமர்ந்திருக்கிறார்கள். பணி ஆணை என ஒரு தாளும் கையில் தரப்படாமல் மூன்றாண்டு வேலை வாங்கப்பட்ட ஆசிரியை எவரும் ‘சட்டம் எதற்கு?’ என்று கேட்டு நாம் கண்டதில்லை.

இதன் மறுபக்கமாய் இன்னொரு சொல்லும் வழங்குகிறது. ‘அவர் சட்டம் பேசுகிறவர்’ என்பது அது. ஓர் ஆசிரியரைப் பற்றி இச்சொல் நிருவாகத்தின் காதில் விழுந்துவிட்டால், அதன்பின் அவர் அதே பள்ளியில் நிம்மதியாய் நீடிப்பது அரிது. குடிக்கிறவர், கடன் வாங்கித் தராதவர் என்னும் வரிசையில் சட்டம் பேசுகிறவர் என்பதும் ஒரு குற்றச்சாட்டாக மாறிய விந்தை நம் நிறுவனங்களில் நிகழ்ந்திருக்கிறது. அந்த விந்தையை எதிர்த்தே இதை எழுதுகிறோம். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்குத் தம் பணியைத் தொடும் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிவிப்பது பள்ளியை நடத்தும் திருச்சபையின் கடமை. தெரிவியாமல் இருப்பதற்குச் சிறுபான்மை உரிமையைத் திரையாகப் பிடிப்பது அந்த உரிமைக்கே இழைக்கும் தீங்கு.

சட்டம் அறிவது விசுவாசக் குறைவு என்போர் திருத்தூதர் பணிகள் நூலை மீண்டும் ஒருமுறை புரட்டுவது நன்று. எருசலேமில் சாட்டையடிக்கெனக் கட்டப்பட்ட வேளையில் பவுல் அடியார் தம் உரோமைக் குடியுரிமையை எடுத்துச் சொல்லி அடியினின்று தப்பினார். பிலிப்பியில் அவரை விசாரணையின்றி அடித்துச் சிறையிலிட்டவர்கள் மறுநாள் காலை ஓசையின்றி அனுப்பிவிட முயன்றபோது அவர் போக மறுத்தார். அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துச் செல்ல வேண்டும் என்றார். இறுதியில் சீசரிடமே மேல்முறையீடு செய்தார். அவரைச் சட்டம் பேசுகிறவர் என்று எந்தச் சபையும் ஒதுக்கியதாக நாம் வாசிக்கவில்லை.

ஆசிரியரின் சட்ட அறிவு என்றதும் சம்பளம், விடுப்பு, பதவி உயர்வு என்றே பலர் எண்ணிக்கொள்கின்றனர். அவையெல்லாம் பின்னர். முதலாவதாக அது குழந்தையைப் பற்றியது. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மதிய உணவு வேளையில் தன் வகுப்பாசிரியையிடம் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்கிறாள் என்று கொள்வோம். பள்ளியோடு தொடர்புடைய ஒருவர் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்கிறாள். ஆசிரியை என்ன செய்வார்? நம் வழக்கம் நாம் அறிந்ததே. ஆசிரியை தலைமையாசிரியையிடம் சொல்வார். தலைமையாசிரியை தாளாளரிடம் சொல்வார். தாளாளர் தம் மேலிடத்துக்குத் தெரிவிப்பார். படிதோறும் செய்தி சற்றே மெலியும். முதற்படியில் குற்றமாக இருந்தது இரண்டாம் படியில் தவறாகி, மூன்றாம் படியில் தவறான புரிதலாகிவிடும். பள்ளியின் நற்பெயர், சிறுமியின் வருங்காலம், திருச்சபையின் எதிரிகள் என்னும் மூன்றும் மாறிமாறி எடுத்துரைக்கப்படும். இறுதியில் அந்த மனிதர் வேறோர் ஊருக்கு மாற்றப்படுவார். அந்த ஊரிலும் ஏழாம் வகுப்பு உண்டு.

சட்டம் சொல்வது முற்றிலும் வேறு. போக்சோ என்று நாளேடுகள் சுருக்கி எழுதும் 2012-ஆம் ஆண்டின் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாத எவர்மீதும் பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடும் என அஞ்சுகிறவரும் அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இது அதன் 19-ஆம் பிரிவு. தலைமையாசிரியர் என்றோ தாளாளர் என்றோ அங்கே எழுதப்படவில்லை. உள்ளூர்க் காவல் நிலையம் அல்லது சிறார்க்கான தனிக் காவல் பிரிவு என்றே எழுதப்பட்டிருக்கிறது. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. தமக்குக் கீழ்ப் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க முடியாது. ‘மேலிடத்தில் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது’ என்று ஓர் ஆசிரியை நம்பியிருப்பாரானால், அவர் சட்டத்தின் முன் தாமே குற்றவாளியாய் நிற்கும் நிலையில் இருக்கிறார். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. தகவல் தராமை சிறு தவறன்று, பெருங்குற்றம் என 2022-இல் உச்ச நீதிமன்றம் வன்மையாக எடுத்துரைத்தது. அத்தீர்ப்பை எத்தனை பள்ளிகளின் ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினார்கள்?

திருச்சபை இதற்கு எதிர்நிலையில் நிற்கவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் பிறப்பித்து 2023-இல் நிலைப்படுத்திய விதிமுறைகள், குருக்களும் துறவியரும் தாம் அறியவந்த இத்தகைய குற்றங்களைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிக்கக் கட்டாயப்படுத்துகின்றன. நாட்டின் சட்டம் விதிக்கும் கடமைகளுக்கு அவை குறுக்கே நில்லா என்றும் தெளிவுபடுத்துகின்றன. ஒப்புரவு அருளடையாளத்தின் இரகசியம் வேறு. தாளாளர் அறையில் மின்விசிறியின் கீழ் நடக்கும் உரையாடலுக்கு அந்த முத்திரை கிடையாது. இரண்டையும் குழப்பி, ‘இது வெளியே போகக் கூடாது’ என்று ஆசிரியையிடம் சத்தியம் வாங்குவோரை நாம் அறிவோம்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகினர். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், கீற்றுக் கூரை, வெளியேற வழியில்லா நெருக்கம். அது நம் பள்ளியன்று. எனினும் பாடம் எல்லாப் பள்ளிக்கும் உரியது. பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் பெற வேண்டும் என்னும் மாநிலச் சட்டம் 1965-இலேயே இயற்றப்பட்டிருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. நாள்தோறும் அக்கூரையின் கீழ் நின்று பாடம் நடத்தியவர்கள் ‘இதற்கு உரிமம் உண்டா?’ என்று கேட்கும் நிலையில் வைக்கப்படவில்லை. கேட்டிருந்தால் மறுநாள் வேலை இருந்திருக்குமா என்பதையும் சேர்த்தே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரம்பைப் பற்றியும் ஒரு சொல். கட்டாயக் கல்விச் சட்டம் என நாம் அழைக்கும் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல்சார்ந்த தண்டனையையும் மனத்தளவிலான துன்புறுத்தலையும் விலக்குகிறது. 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, இச்சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. (2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஒன்று அத்தீர்ப்பின் மீது ஐயம் தெரிவித்து, அதைப் பெரிய அமர்வின் ஆய்வுக்கு உரியதாக்கியிருக்கிறது.) அந்த 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி, ‘அந்தச் சட்டமே நமக்கு இல்லை’ என்று கூறுவோர் உளர். இருபத்தைந்து விழுக்காட்டு இடங்களைப் பற்றிச் சொல்லப்பட்ட வாதம் பிரம்புக்கு எப்படி உரிமை தரும்? தமிழ்நாட்டுக் கல்வி விதிகள் 2003-லேயே திருத்தப்பட்டு, பள்ளியில் அடிப்பது தடைசெய்யப்பட்டது. தம் பொறுப்பிலுள்ள குழந்தைக்குக் கொடுமை இழைப்பவரை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தண்டிக்கிறது. ‘நன்றாக அடித்து வளருங்கள்’ என்று ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் நம் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு: அவர்கள் தரும் இசைவு ஆசிரியருக்கு எந்தப் பாதுகாப்பும் அன்று. வழக்கு வந்தால் நிற்பவர் ஆசிரியர் ஒருவரே. புனித தொன் போஸ்கோ 1877-இல் தம் தடுப்புமுறைக் கல்வியைப் பற்றி எழுதியபோது இந்தியச் சட்டம் எதையும் அவர் வாசித்திருக்கவில்லை. ஆயினும் அடியை அவர் வேண்டாம் என்றார்.

இனிச் சிறுபான்மை உரிமைக்கு வருவோம். இவ்விடத்தில்தான் நம்மிடையே தெளிவு மிகக் குறைவு. குரல் மட்டும் மிக உயர்வு. அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு, தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிருவகிக்கவும் சிறுபான்மையினருக்கு உரிமை தருகிறது. அது விலைமதிப்பற்ற உரிமை. அதற்காக 1958-இல் கேரளக் கல்வி மசோதா தொடர்பாகவும், 1974-இல் அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரி வழக்கிலும் நம்மவர் வாதாடினர். உச்ச நீதிமன்றம் அரசின் கை நீளக்கூடிய எல்லையை வரையறுத்தது. ஆனால் அதே 1958-ஆம் ஆண்டுக் கருத்துரையில் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ், நிருவகிக்கும் உரிமை என்பது சீர்கெட நிருவகிக்கும் உரிமையாகாது என்ற பொருளில் எழுதியதையும் மறந்துவிட்டோம். முதற்பாதியை மேடையில் முழங்குகிறோம்; பிற்பாதியை அலமாரியில் பூட்டுகிறோம்.

தமிழ்நாட்டில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 1973-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யுமுன் கல்வி அதிகாரியின் அனுமதி வேண்டும் என்றது. அச்சட்டத்தின் பல பிரிவுகள் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தா என்று 1975-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் மகிழ்ந்தோம். அரசின் தலையீடு நீங்கியது. ஆனால் அந்த இடத்தில் நாமே ஒன்றைக் கட்டியெழுப்ப வேண்டாமா? அரசு அதிகாரியின் அனுமதி தேவையில்லையென்றால், அதனினும் நேர்மையான ஒரு விசாரணை முறையை மறைமாவட்டந்தோறும் ஏற்படுத்தி, ‘எங்கள் நீதி உங்கள் நீதியினும் மேலானது’ என்று காட்டியிருக்க வேண்டாமா? சில இடங்களில் அப்படி நடந்தது. பல இடங்களில் வெற்றிடமே உரிமை எனப் பெயர் பெற்றது. இன்று அந்தப் பழைய சட்டம் இல்லை. 2018-இல் நிறைவேறிய புதிய சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நீதிமன்றங்கள் எப்போதும் நிருவாகத்தின் பக்கமே நின்றன என்று எண்ணுவதும் பிழை. தில்லி பிராங்க் அந்தோணி பள்ளி ஆசிரியர்கள் தொடுத்த வழக்கில் 1986-இல் வந்த தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு ஊதியம், பணி நிலைமை பற்றிய விதிகளிலிருந்து விலக்களித்த சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. பணிநீக்கத்துக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற ஒன்றை மட்டும் அது விட்டுவைத்தது. அடுத்த ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊழியர் வழக்கிலும், தொழிற்தகராறுச் சட்டத்துக்குச் சிறுபான்மை உரிமை தடையாகாது என்று தீர்ப்பாயிற்று. 2002-இல் பதினொரு நீதிபதிகள் கூடி வழங்கிய டி.எம்.ஏ. பாய் தீர்ப்பு நிருவாகங்களின் உரிமையை விரிவாக்கியது. அதே தீர்ப்பு, தண்டிக்கப்படும் ஊழியரின் முறையீட்டைக் கேட்க மாவட்ட நீதிபதி நிலையிலுள்ளவர் தலைமையில் தீர்ப்பாயம் வேண்டும் என்றும் சொன்னது. உரிமையை விரித்த பக்கத்தை நம் நிருவாகங்களின் வழக்குரைஞர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். தீர்ப்பாயத்தைப் பற்றிய பக்கத்தை ஆசிரியர் தாமே தேடிப் படித்தாலொழிய அறியமாட்டார்.

நெஞ்சைச் சுடும் வழக்கு ஒன்றும் உண்டு. கோவாவில் அருட்சகோதரியர் சபை ஒன்று நடத்திய பள்ளியில் ஆசிரியை ஒருவர் 1975-இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். தொழிற்தகராறுச் சட்டத்தின் துணையை அவர் நாடினார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1988-இல், உச்ச நீதிமன்றம் சொன்னது: பள்ளி ஒரு தொழில் நிறுவனமாகலாம், ஆனால் ஆசிரியர் அச்சட்டம் சொல்லும் தொழிலாளி அல்லர், கற்பித்தல் உடலுழைப்பும் அன்று, எழுத்தர் வேலையும் அன்று, அது ஓர் உன்னத அழைத்தல். மருத்துவமனையின் கடைநிலை ஊழியருக்குத் திறந்த கதவு, அழைத்தலின் மேன்மை காரணமாகவே ஆசிரியைக்கு மூடப்பட்டது! தீர்ப்பின் சட்ட நியாயத்தைப் பற்றி நாம் வழக்காடவில்லை. ஆனால் ‘ஆசிரியப் பணி புனிதமானது’ என்று ஆசிரியர் நாள் விழாவில் நாம் சொல்லும்போது, அச்சொல்லுக்கு நீதிமன்றத்தில் இப்படியும் ஒரு பயன் இருந்தது என்பதை நினைவில் கொள்வது நல்லது.

பணிக்கொடையின் கதையும் இதைப் போன்றதே. ஆனால் முடிவு வேறு. 2004-இல் உச்ச நீதிமன்றம், பணிக்கொடைச் சட்டத்தின் அன்றைய சொற்களின்படி ஆசிரியர் அதற்கு உரியவர் அல்லர் என்றது. நாடாளுமன்றம் 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியருக்கு அவ்வுரிமை உண்டென்று முன்தேதியிட்டு வழங்கியது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடின. 2022-இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை உறுதிசெய்தது. அதன்படி ஐந்தாண்டுப் பணி முடித்தவருக்கு, ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் தொகை சேர வேண்டும். நம் சுயநிதிப் பள்ளிகளில் இருபது ஆண்டு உழைத்து ஓய்வுபெறும் ஆசிரியைக்கு ஒரு சேலையும், ஒரு சுரூபமும், ஒரு குழுப் படமும் கிடைக்கின்றன. சேலை நல்லதுதான். பணிக்கொடை எங்கே என்று கேட்க அவருக்குத் தெரியாது. கேட்டால், ‘இத்தனை ஆண்டு பார்த்துக்கொண்ட நம்மிடமே கணக்குப் பார்க்கிறாரே’ என்பார்கள்.

நாட்டின் சட்டம் வேண்டாம், திருச்சபைச் சட்டம் போதும் என்பவர்களுக்கு அதையே சொல்வோம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1286-ஆம் எண்: திருச்சபைச் சொத்துகளை நிருவகிப்போர் வேலைக்கு ஆள் அமர்த்தும்போது, உழைப்பு, சமூக வாழ்வு பற்றிய நாட்டுச் சட்டங்களையும் திருச்சபையின் போதனைக்கேற்பத் துல்லியமாய்க் கடைப்பிடிக்க வேண்டும்; நீதியான, தகுதியான ஊதியம் தர வேண்டும். திருச்சபைப் பணிக்குத் தம்மை ஈந்த பொதுநிலையினரின் ஊதியம் பற்றி 231-ஆம் எண்ணும் பேசுகிறது. ஆக, அரசாங்கச் சட்டத்தை மீறும் தாளாளர் ஒரே வேளையில் இரண்டு சட்டங்களை மீறுகிறார். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலை நம் பங்குகளில் மே மாதந்தோறும் போற்றுகிறோம். அதன் ஒளி பள்ளி வளாகத்தின் மதிலைத் தாண்டுவதில்லை.

இவ்வளவும் சொன்னபின், மறுதரப்பின் நியாயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முறைப்படி நியமித்த ஆசிரியருக்கு ஒப்புதல் பெறக் கல்வித் துறை அலுவலகங்களுக்கு ஆண்டுக்கணக்கில் நடந்த தாளாளர்கள் உளர். அந்த ஆண்டுகளில் ஊதியத்தைத் தம் கையிருப்பிலிருந்து தந்த அருட்சகோதரியரும் உளர். வகுப்புக்குச் செல்லாமல் விதியைக் காட்டி வாழும் ஆசிரியர்களும் இல்லாமல் இல்லை. அவர்கள் சட்டத்தின் ஒரு பக்கத்தை மட்டும் படித்தவர்கள். நம் எதிரிகள் 30-ஆம் பிரிவைக் குறிவைப்பதும் உண்மை. அதனாலேயே சொல்கிறோம்: தன் சொந்த ஆசிரியைக்கு நீதி வழங்காத நிறுவனம் நீதிமன்றத்தில் சிறுபான்மை உரிமை பேசும்போது, அதன் குரலில் வலு இருக்காது. குருக்கள், துறவியரின் ஆசிரியச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் மட்டும் சென்று வாதாடி, 2024 நவம்பரில் தோற்றோம். அவ்வழக்குக்காக நாம் புரட்டிய சட்டப் புத்தகங்களில் பத்திலொரு பங்கையாவது பொதுநிலை ஆசிரியருக்காகப் புரட்டியிருந்தால் எவ்வளவு நன்றாய் இருந்திருக்கும்!

நாம் கேட்பவை பெரியவை அல்ல. ஆண்டுதோறும் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் தியானம் நடத்துகிறோம். அதில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, நேர்மையான வழக்குரைஞர் ஒருவரை அழைத்துப் போக்சோ சட்டத்தின் 19, 21-ஆம் பிரிவுகளையாவது தமிழில் விளக்கச் சொல்லலாம். பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் ஒவ்வொரு பள்ளியிலும், பெண் பணியாளரின் முறையீட்டைக் கேட்க 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதில் பள்ளியைச் சாராத ஒருவரும் உறுப்பினராக வேண்டும். அக்குழுவின் உறுப்பினர் யார் யார் என்பது கடைசி மேசையில் அமரும் தற்காலிக ஆசிரியைக்கும் தெரிய வேண்டும். பணியில் சேரும் நாளில் ஆசிரியையிடம் வாங்கி வைத்துக்கொள்ளும் மூலச் சான்றிதழ்களைத் திருப்பித் தர வேண்டும். அவை அடகுப் பொருள்கள் அல்ல. பங்குப் பேரவையிலும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் இருக்கும் பொதுநிலையினராகிய நாம் கட்டட நிதிக் கணக்கைக் கேட்பது போலவே இவற்றையும் கேட்கலாம். கேட்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

பிறிதொரு வழக்கமும் உண்டு. அதை எழுத்தில் வைக்கக் கூச்சமாய் இருக்கிறது. பணியில் சேரும் நாளிலேயே நாளிடப்படாத பணிவிலகல் கடிதம் ஒன்றில் கையொப்பம் வாங்கிக்கொள்ளும் பள்ளிகள் உள்ளன. நிருவாகம் விரும்பும் நாளில் அதில் நாள் இடப்படும். ஆசிரியை தாமாகவே விலகினார் என்று பதிவேடு சொல்லும். அக்கடிதங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பதை அந்தந்தத் தாளாளர்கள் அறிவர். வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் அவற்றை எடுத்துக் கிழித்துவிட்டு, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு பணி ஆணை தரட்டும். அதில் ஊதியம் எழுதப்பட்டிருக்கட்டும், தாளாளரின் கையொப்பம் இருக்கட்டும், நாளும் இடப்பட்டிருக்கட்டும்.